முள்ளங்கிக் காவலர்

மடிப்பாக்கமோ அம்பத்தூரோ, நாலு தொட்டி வைத்த மொட்டைமாடி எதற்குப் போனாலும் இவர் இருப்பார். ஓய்வுபெற்றவர். மார்கழிக் குல்லா, மடித்துக் கட்டிய வேட்டி, பேத்தியிடமிருந்து பறிமுதல் செய்த பூதக்கண்ணாடி. "முள்ளங்கி நல்லா வந்திருக்கா சார்?" என்று கேட்டால் முகம் வாடிவிடும். "அசுவினிப் பூச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டால் உங்களுக்குக் காபி நிச்சயம்.

ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் சாம்பார் விழுந்த கையோடு ஆரம்பித்தார். "அசுவினிக்கு ஆணே வேண்டாம் சார்! நம்ம வெயிலுக்கு முட்டைகூட வேண்டாம், நேரா குட்டி. பிறக்கும்போதே அது வயித்துல அடுத்த குட்டி ரெடி!" எதிரே இருந்த சம்பந்தி வீட்டார் ரசத்துக்குக் காத்திருக்கவில்லை.

அதற்கு அவர் அடிக்கும் மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். இரண்டும் கலக்கக் கொஞ்சம் காதி சோப்பு. வெயிலில் அடித்தால் இலை கருகும் என்று மாலையில்தான் தெளிப்பார். மாடிக்கொடியில் துணி எடுக்கப் பக்கத்து வீட்டுப் பெண் வருவதும் அப்போதுதான்.

"ஐயோ அங்கிள், என் பட்டுப்புடவை!"

"கவலைப்படாதம்மா, இனி அதை எந்தப் பூச்சியும் அண்டாது."

இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல் வீட்டு மிக்ஸியில்தான் அரைபடும். மறுநாள் அதே மிக்ஸியில் பாயசத்துக்குப் பாதாம் அரைத்தார்கள். மாப்பிள்ளை மரியாதைக்காரர், காரணம் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் கேட்டார்.

ஒருமுறை, இலையில் கறுப்பாக ஆரஞ்சுப் புள்ளியோடு ஊர்ந்த புழுக்களைத் தேடித் தேடி நசுக்கினார். அவையெல்லாம் அசுவினியைத் தின்னும் பொறிவண்டின் புழுக்கள் என்று விவசாயம் படித்த மருமகன் சொன்னதும், அன்றிரவு சாப்பாட்டைத் தொடவில்லை. "நம்ம ஆளுங்களையே முடிச்சிட்டேனேடா!"

அவர் போடும் முள்ளங்கி ரகம் பூசா சேட்கி. 45 நாளில் பிடுங்கிவிட வேண்டும். ஆனால் "இன்னும் ஒரு ரவுண்டு வேப்பெண்ணெய் பாக்கியிருக்கு" என்று தள்ளிப்போடுவார். செடி பூத்துக் காய்த்துவிடும். கிழங்கு முற்றி நாராகிவிடும்.

சாம்பாருக்கு வீட்டம்மா தள்ளுவண்டியில்தான் வாங்குகிறார். நம்மவர் சும்மா இருப்பாரா? வண்டி முள்ளங்கியின் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"வேண்டாம், இதுல ஏதோ மருந்தடிச்சிருக்கான். ஒரு பூச்சிகூட இல்லை."

வண்டிக்காரர் அசரவில்லை. "பூச்சியா சார் வேணும்? கீரைக்கட்டுல இருக்கு, பாத்து எடுத்துக்குங்க."