வாபஸ்காரர்

மலை ஏறி வண்டியை விட்டு இறங்கியதும் எல்லோரும் பனிமூட்டத்தைப் பார்ப்பார்கள்; ஒருவர் மட்டும் சுவரைப் பார்ப்பார். கைபேசியில் பார்த்த படத்தில் அந்தச் சுவரில் பெரிய டிவி மாட்டியிருந்தது. நேரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஆணியைப் படம் எடுத்துக்கொள்வார். பிறகு குளியலறைக்குப் போய்க் கீசர் சுவிட்சைப் போடுவார், சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்ப்பார், எரியாது, அதையும் படம் எடுப்பார். 'முழு வசதியுடன் கூடிய சமையலறை'யில் ஒற்றை அடுப்பும் கைப்பிடி கழன்ற குக்கரும் இருக்கும். வாசலிலிருந்து மனைவி, "இங்க வந்து பாருங்களேன், மேகம் கைக்கு எட்டுது" என்று கூப்பிடுவார். "வர்றேம்மா" என்று சொல்லிக்கொண்டே இவர் ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இவரை வாபஸ்காரர் என்று அழைப்போம். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பவர் அல்லர். அப்படிக் கேட்பதென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டியிருக்கிறது. அதையும் எடுத்து, கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகளின் வாந்தியையும் சமாளித்து வந்து சேர்ந்தவர், கோடை சீசனில் வேறு வீடு தேடி எங்கே போவார்? ஆகவே தங்குவார். தங்கிக்கொண்டே, இல்லாததற்கு உண்டான பணத்தை மட்டும் திரும்பக் கேட்பார்.

இப்படிப்பட்டவருக்குச் சொந்தக்காரர்களிடையே நல்ல பெயர் கிடையாது. கஞ்சன் என்பார்கள், அல்பம் என்பார்கள், அடுத்த பயணத்துக்குத் தேதி குறிக்கும்போது அவருக்குச் சொல்லாமலே குறிப்பார்கள். இந்தத் தீர்ப்பு தப்பு என்பது என் வாதம். அவர் கேட்கும் பணம் அவருக்கு வரவேண்டியதுதான். அது வராமல் போவதற்கு அவருடைய பேராசை காரணமில்லை. முதல் நாள் மாலை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதைக் கடைசி நாள் காலை வாட்ச்மேனிடம் சொல்வதுதான் காரணம். சிரிப்பதானால் அதற்குச் சிரிக்கலாம்.

முதலில் அவர் பக்கத்து நியாயம். விளம்பரங்களில் ஒரு தனி ரகமான உண்மை உண்டு. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கும், சேர்த்துப் படித்தால் பொய்யாகிவிடும். 'கொடைக்கானல் காட்டேஜ், ஏரிக்கு மிக அருகில்' என்று இருக்கும். வீடு மன்னவனூரில் இருக்கும். மன்னவனூரிலும் ஏரி இருக்கிறது. பரிசலும் விடுகிறார்கள், அழகான இடம்தான். ஆனால் 1863-ல் வெட்டப்பட்டு ஊர் நடுவே நட்சத்திர வடிவில் கிடக்கிற ஏரியைச் சுற்றிக் குழந்தைகளை சைக்கிள் ஓட்ட வைக்கலாம் என்று வந்த குடும்பம், அதற்கு 30 கிலோமீட்டருக்கும் மேல் மலைப்பாதையில் திரும்பி வர வேண்டும். போகிற வழியில் பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது மட்டும் ஆறுதல். அல்லது 'எட்டுப் பேர் தங்கலாம்', '24 மணி நேர வெந்நீர்' என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிகள். கீசர் ஒன்றே ஒன்று, 15 லிட்டர், 2 கிலோவாட். மலைக் குளிரில் 15 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 55 டிகிரிக்கு அது கொண்டுவர 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். அதுவும் 230 வோல்ட் வந்தால். சீசனில் மின்னழுத்தம் 180-க்கு இறங்கினால் கீசரின் திறன் அறுபது சதவீதத்துக்கு விழுந்துவிடும்; ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் கிடைக்க அரை மணி நேரத்துக்கும் மேல். காலை 6 மணிக்கு சுவிட்சைப் போட்டால் எட்டாவது ஆள் குளிக்கப் பத்தரை ஆகும். வீட்டைக் காலி செய்ய வேண்டிய நேரம் 10 மணி! இந்தக் கணக்கை வாபஸ்காரர் குளியலறை வாசலில் துண்டோடு நின்றபடி மனத்துக்குள்ளேயே போட்டு முடித்துவிடுவார். மற்றவர்கள் அவரை விநோதமாகப் பார்ப்பார்கள். விநோதம் கணக்கிலா, அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியவரிடமா?

"வந்த இடத்துல எதுக்கு வம்பு, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பது முதல் ஆட்சேபம். சொல்பவர் பெரும்பாலும் கூட வந்த சித்தப்பா; வாடகையில் அவர் பங்கு இல்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இதே சித்தப்பா தன் மகள் கல்யாணத்தில், பேசியபடி இலையில் ஜாங்கிரி விழவில்லை என்று சமையல் கான்ட்ராக்டரின் கணக்கில் கழித்துக் கொடுத்திருப்பார். ஊரும் அவரைக் கெட்டிக்காரர் என்று சொல்லியிருக்கும். ஜாங்கிரிக்கு உள்ள மரியாதை கீசருக்கு ஏன் இல்லை? ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இருந்தால், பள்ளத்தாக்கு தெரிகிற பால்கனியும் ஜெனரேட்டரும் உள்ளதற்கு வாடகை அதிகம். அந்தக் கூடுதல் தொகை பால்கனிக்கும் ஜெனரேட்டருக்கும் கொடுத்த விலை. பால்கனிக்கு எதிரே புதிதாக ஒரு மூன்று மாடிக் கட்டடம் எழும்பியிருந்தால், விலை மட்டும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடியே நிற்பது எந்த ஊர் நியாயம்? இவர் தானம் கேட்கவில்லை. கொடுத்த பணத்தில் பொருள் வராத பங்கைக் கேட்கிறார்.

வீட்டுக்காரர் பக்கமும் பேச்சு உண்டு, அதில் பாதி நியாயமானதும்கூட. மலையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் போகும், டவர் கிடைக்காது, காயப்போட்ட துணியைக் குரங்கு தூக்கிக்கொண்டு போகும், போன வாரம் தங்கிய கல்லூரிப் பையன்கள் டிவியை உடைத்துவிட்டார்கள். பலர் கடன் வாங்கி வீட்டைக் கட்டிவிட்டு, இரண்டு மாத சீசனை நம்பி வருஷத்தை ஓட்டுபவர்கள். எல்லாம் சரி. பையன்கள் டிவியை உடைத்தது போன வாரம்; விளம்பரம் இந்த வாரமும் டிவியோடுதான் ஓடுகிறது. "டிவி இல்லீங்க, வர்றீங்களா?" என்று முன்கூட்டியே ஒரு வரி அனுப்பியிருந்தால் வருகிறவர் வந்திருப்பார், அதற்குப் பிறகு வாபஸ் கேட்க அவருக்கு வாயும் இருக்காது. நான் பிரிக்கிற கோடு இதுதான்: வீட்டுக்காரருக்கே தெரியாமல் வந்த குறைக்கு மன்னிப்பு போதும்; தெரிந்தே மறைத்த குறைக்குப் பணம் வேண்டும். இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போகிற வாபஸ்காரர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்க முடியாது. பனிமூட்டத்தால் பில்லர் ராக்ஸ் தெரியவில்லை என்று வீட்டு வாடகையில் கழிக்கச் சொல்பவர், சேவல் நாலரைக்கே கூவியது என்பவர், கேம்ப் ஃபயருக்கு வைத்த விறகு ஈரமாக இருந்தது என்று மழைநாளில் புகார் சொல்பவர். இவர்களால்தான் உண்மையான வாபஸ்காரருக்குக் கெட்ட பெயர். மூட்டத்துக்கு யாரும் பொறுப்பில்லை. மூட்டம் விலகிய பிறகும் தெரியாத பள்ளத்தாக்குக்குத்தான் பொறுப்பு உண்டு.

இவ்வளவு நியாயத்தையும் கையில் வைத்துக்கொண்டு அவர் செய்வதைப் பாருங்கள். முதல் நாள் மாலையே ஆணியையும் எரியாத விளக்கையும் படம் எடுத்தவர், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இப்போது கேட்டால் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு சாவியைத் திரும்பக் கேட்டுவிடுவாரோ என்று உள்ளூரப் பயம். பச்சைத் தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு குளிப்பார். அதில் அவருக்கு ஒரு ரகசியத் திருப்தியும் உண்டு, ஒவ்வொரு சொம்புக்கும் வழக்கு பலமாகிறதல்லவா? கடைசி நாள், பெட்டிகள் வண்டியில் ஏறி, ஓட்டுநர் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும்போது வாட்ச்மேனைப் பிடிப்பார். "என்னப்பா, வைஃபை இல்ல, டிவி இல்ல, கீசர் ஓடல. மூவாயிரம் குறைச்சுக்கச் சொல்லு." அந்த மனிதர் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார், ஓனர் மதுரைல இருக்காரு, நீங்களே பேசிக்கோங்க" என்பார். தெரியாது என்பது முழு உண்மை. அவருக்கு அந்த விளம்பரம் கண்ணில் பட்டதே இல்லை. டிவி உண்டு என்று சொன்னதும் அவரில்லை, வாடகை வாங்கியதும் அவரில்லை. இவர் குரலை உயர்த்த உயர்த்த அவர் கைகள் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கடைசியில் மனைவி வந்து வாட்ச்மேனிடம் இருநூறு ரூபாயைக் கொடுத்து, "வச்சுக்கோங்கண்ணே, குளிருக்கு டீ குடிங்க" என்பார். வாங்கப் போன இடத்தில் கொடுத்துவிட்டு வருவதோடு அந்தப் பயணம் முடியும். இறங்குகிற வழியில், வத்தலகுண்டு தாண்டிய பிறகு டவர் கிடைத்ததும் ஓனருக்கு போன் போடுவார். ஓனர் கேட்கிற ஒரே கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது: "முதல் நாளே சொல்லியிருக்கலாமே சார், எலக்ட்ரீஷியனை அனுப்பியிருப்பேனே?" அனுப்பியிருக்க மாட்டார். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

எவ்வளவு கேட்பது என்பதிலும் அவருக்குக் குழப்பம். கீசருக்கு ஐந்நூறு, வைஃபைக்கு முந்நூறு என்று காகிதத்தில் எழுதிக் கூட்டிக்கொண்டே போய், கூட்டல் வாடகையைத் தாண்டியதும் திடுக்கிட்டு அடிப்பார். சிரிக்க வேண்டாம், இதே சிக்கலில் இங்கிலாந்து நீதிமன்றமே நின்றிருக்கிறது. 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜார்விஸ் என்ற வழக்கறிஞர், விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஸ்விட்சர்லாந்து மலைக்கிராமம் ஒன்றுக்கு 15 நாள் விடுமுறை போனார். கொடுத்தது 63 பவுண்டு 45 பென்ஸ். ஒரு பெரிய குடும்ப விருந்துபோல விருந்தாளிகள் கூடிக் களிக்கும் வீடு என்று போட்டிருந்தது. முதல் வாரம் 13 பேர், இரண்டாவது வாரம் அவர் ஒருவரே. மாலை கேக் என்றது உருளைக்கிழங்கு சிப்ஸும் காய்ந்த பருப்புக் கேக்குமாக வந்தது. யோடல் பாட்டுக் கச்சேரி என்றால் ஊர்க்காரர் ஒருவர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனார். கீழ் நீதிமன்றம் பாதிப் பணம், 31 பவுண்டு 72 பென்ஸ் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் டென்னிங் பிரபுவின் அமர்வு 1972-ல் அதை 125 பவுண்டாக உயர்த்தியது. கட்டிய தொகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. விடுமுறைக்குப் பணம் கொடுப்பவன் வாங்குவது கட்டிலையும் சாப்பாட்டையும் மட்டுமல்ல, மகிழ்ச்சியையும்தான். அது கிடைக்காத ஏமாற்றத்துக்கும் விலை உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் உச்ச நீதிமன்றமும் 1993-ல், லக்னோ வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில், நுகர்வோர் பட்ட அலைக்கழிப்புக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு தரலாம் என்று சொல்லிவிட்டது. ஆக, பச்சைத் தண்ணீரில் குளித்தவரின் பல் நடுக்கத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இடம் இல்லாதது கூட்டல் காகிதத்துக்குத்தான். ஒரு நியாயமான பங்கைச் சொல்லி நிறுத்தினால் வீட்டுக்காரர் பேரம் பேசவாவது வருவார். கொக்கிக்கு நாற்பது ரூபாய் என்று எழுதினால் போனை வைத்துவிடுவார்.

"ரிவ்யூ போட்டுருவேன்" என்பது அவருடைய கடைசி ஆயுதம். நடந்ததை எழுதுவது உரிமை. பணம் தராவிட்டால் எழுதுவேன் என்று மிரட்டுவதை ஏர்பிஎன்பி போன்ற தளங்கள் விதிமீறலாகவே பார்க்கின்றன. அந்த மிரட்டல் செய்தியே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். அவருக்குத் தேவையான ஆயுதங்கள் வேறு இடத்தில் சும்மா கிடக்கின்றன. ஏர்பிஎன்பியில் குறையைக் கண்டுபிடித்த 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தளம் எதுவானாலும், ஓனருக்கு முதல் நாள் மாலையே வாட்ஸ்அப்பில் இரண்டு படமும் ஒரு மரியாதையான வரியும் அனுப்பினால் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகும். விளம்பரத்தை மாற்றுவதற்கு முன் அதன் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். பில் கேட்டு வாங்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே, பில்லில் கெடு ஏதும் இல்லையென்றால் 30 நாளுக்குள் தர வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் சொன்னால் அவர்களே எதிர்த்தரப்பிடம் பேசிப் பார்ப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குப் போட மலை ஏற வேண்டாம், தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. மூவாயிரம் ரூபாய்க்கு யார் வாய்தாவுக்கு அலைவார்கள் என்று கேட்பது நியாயமே. பெரும்பாலோர் அலைய வேண்டியிராது. முறையாக எழுதிய புகார் ஒன்று மதுரைக்குப் போய்ச் சேர்ந்தாலே ஓனரின் குரலில் ஒரு கனிவு வந்துவிடும்.

சம்பவம் நடந்ததிலிருந்து 2 ஆண்டு வரை புகார் கொடுக்கலாம். போன மே மாதம் கொடைக்கானலில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்த வாபஸ்காரர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.