கருமபீடத்துக்கு ஒரு வாழ்த்து

லண்டன் நகரத்து வங்கிகளே, உங்கள் பொறுமைக்கு முதல் வணக்கம்.

மூதூருக்குப் பக்கத்தில், கொட்டியாரக் குடாவை அண்டியிருக்கும் கட்டைபறிச்சானிலிருந்து ஒரு பிள்ளை உங்கள் வாசலுக்கு வருகிறது. கையில் கடவுச்சீட்டு இருக்கிறது. உங்கள் அரசு கொடுத்த விசா இருக்கிறது. கல்லூரிக் கடிதம் இருக்கிறது. பகுதிநேர வேலைக்கும் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் போட வங்கிக் கணக்கு இலக்கம் கேட்கிறார்கள். உங்கள் கருமபீடத்தில் இருப்பவர் முகம் சுளிப்பதில்லை, குரல் உயர்த்துவதில்லை. "உங்கள் பெயரில் மின்சாரப் பட்டியலோ எரிவாயுப் பட்டியலோ உண்டா?" என்று கனிவாகக் கேட்கிறார். இல்லை என்றால், கிடைத்ததும் வரச் சொல்லி அதே கனிவோடு அனுப்பிவைக்கிறார்.

மின்சாரப் பட்டியல் பெயரில் வர வேண்டுமானால் வீடு வேண்டும். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கூற்றும் கேட்பார். சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க மின்சாரப் பட்டியல் வேண்டும். எங்கே தொட்டாலும் தொடங்காத இந்த ஒழுங்கைக் கட்டியவர்களின் நுட்பம் பெரிது. உள்ளே வர ஒரு வாசல் வேண்டும் என்ற சாதாரண எண்ணம்கூட அந்த நுட்பத்தைக் கெடுக்கவில்லை.

முகவரி என்றால் என்னவென்று எங்களுக்குக் கற்றுத்தந்ததும் நீங்கள்தான். எங்கள் ஊரில் பெயரையும் தகப்பன் பெயரையும் சொன்னால் தபால்காரர் படலையடிக்கு வந்துவிடுவார். வதிவிடச் சான்று தேவைப்பட்டால் கிராம உத்தியோகத்தர் எழுதித் தருவார், பிரதேச செயலாளர் மேலொப்பமிடுவார். ஆளைத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வதை நம்புகிற பழக்கம் அது. அந்தப் பலவீனத்துக்கு நீங்கள் இடங்கொடுப்பதில்லை. பேராசிரியர் ஒப்பமிட்டாலும் முதலாளி ஒப்பமிட்டாலும் அசையாத உங்கள் மனம், எரிவாயுக் கம்பனியின் கணினி அச்சடித்த தாளைக் கண்டதும் இளகிவிடுகிறது.

அந்த உறுதியின் அளவு தெரிய எங்கள் பக்கத்துக் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் குண்டுகள் விழத் தொடங்கின. செப்டெம்பரில் அங்குள்ள சம்பூரை இலங்கை இராணுவம் பிடித்தது. சம்பூர்ச் சனம் ஓடிய ஓட்டத்தில் காணி உறுதி போனது, பிறப்புச் சான்றிதழ் போனது. பிறகு கட்டைபறிச்சானிலும் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் முகாம் போட்டு இருத்தினார்கள். 2015இலும் 2016இலும் காணிகள் விடுபடும்வரை பலருக்கு அந்தக் கூடாரமே வீடு. கூடாரத்துக்கு யாரும் மின்சாரப் பட்டியல் அனுப்புவதில்லை. இடம்பெயர்ந்த அந்த ஆண்டில் பிறந்த பிள்ளை இன்று பல்கலைக்கழகம் போகிற வயதில் நிற்கிறது. அந்தப் பிள்ளையைப் பார்த்து, "நீ எங்கே இருக்கிறாய் என்று நிரூபி" என்று தடுமாறாமல் கேட்க எவ்வளவு திடமான நெஞ்சு வேண்டும்! அது உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கரைக்கு வந்ததும் உண்டு. புயலில் அடிபட்ட 'ஆன்' என்ற கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியவர்களை 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துப் போனார்கள். அவர்களில் இளைஞரான ரொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் இருந்தார். அவருக்கு விசா இல்லை. அவர் விருந்தாளியும் இல்லை, அரசனின் கைதி. ஆனாலும் தொப்பி பின்னி விற்றார். கூடையில் பொருள் சுமந்து ஊரூராக வியாபாரம் செய்தார். அயலவருக்கு நெல்லைக் கடனாகக் கொடுத்து, அறுவடையில் வட்டியோடு திரும்ப வாங்கினார். 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போய், 1681இல் லண்டனில் தம் புத்தகத்தை அச்சிட்டார். கைதிக்குக்கூடக் கொடுக்கல் வாங்கலை மறுக்கத் தெரியாத நாடாக நாங்கள் இருந்திருக்கிறோம். விசாவோடு வந்தவர் தம் சொந்தச் சம்பளத்தை வைக்கவே இடமின்றி நிற்கும் நிலைக்கு உங்கள் நாகரிகம் அல்லவா உயர்ந்திருக்கிறது!

உங்கள் விழிப்பையும் சொல்லாமல் விடலாகாது. இத்தனையும் கறுப்புப் பணத்தைத் தடுக்கத்தான் என்கிறீர்கள். அந்த விழிப்பின் வரலாறு நீதிமன்றத்திலேயே பதிவாகியிருக்கிறது. பிரட்போட் நகரத்துத் தங்க வியாபார நிறுவனம் ஒன்று 2012க்கும் 2016க்கும் இடையில் நாட்வெஸ்ட் வங்கியில் ஏறக்குறைய 36 கோடி 50 இலட்சம் பவுண் போட்டது. அதில் 26 கோடிக்கு மேற்பட்டது கைக்காசு. குப்பை போடும் கறுப்புப் பைகளில் கட்டி வந்த காசும் கருமபீடத்தைத் தாண்டி உள்ளே போனது. 2021இல் வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 26 கோடி 48 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. அதற்கும் முன்னே, 2012இல், மெக்சிக்கோ போதைப்பொருள் கும்பல்களின் பணத்தைத் தடுக்கத் தவறியதற்காக எச்.எஸ்.பி.சி. வங்கி அமெரிக்காவுக்கு 190 கோடி டொலர் கட்டச் சம்மதித்தது. பைக்குள் கோடி இருந்தால் கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தாத பெருந்தன்மையும், ஒரு வாரச் சம்பளத்தை ஊசிக்கண்ணால் பார்க்கும் கூர்மையும் ஒரே துறையில் சேர்ந்து அமைவது அரிய பேறு.

சட்டத்துக்கு மேலேயும் நீங்கள் உழைக்கிறீர்கள். பிரித்தானியாவின் 2017ஆம் ஆண்டுப் பணச்சலவைத் தடுப்பு விதிகள், வாடிக்கையாளர் யாரென்று நம்பத்தகுந்த, சார்பற்ற மூலத்தைக் கொண்டு உறுதிப்படுத்தச் சொல்கின்றன. மின்சாரப் பட்டியல்தான் வேண்டும் என்று அவை விதிக்கவில்லை. அந்தத் தாளின் மீதான பற்று உங்களுடையது. 1989இல் தொடங்கிய எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேசப் பணச்சலவைத் தடுப்பு அமைப்பே, எளியவர்களை வங்கிக்கு வெளியே தள்ளினால் பணம் கண்காணிப்புக்கு எட்டாத வழிகளில் போய்விடும் என்று எச்சரித்திருக்கிறது. அதையும் பொருட்படுத்தாமல் உழைக்கிறீர்கள்.

உங்கள் உழைப்பால் வாழ்கிறவர்கள் பலர். கணக்கில்லாத பிள்ளையின் சம்பளம் அறைத் தோழனின் கணக்கில் விழுகிறது. அவர் மனம் வைத்தால் எடுத்துத் தருகிறார். கணக்கில்லை என்றால் கைக்காசுக்கு வேலை கொடுக்கும் கடைக்காரர் இருக்கிறார். மணிக்கு இவ்வளவாவது கூலி கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அந்தக் கடையின் பின்கதவு வரை போவதில்லை. முறையிடப் பிள்ளையிடம் சம்பளச் சீட்டும் இல்லை. கட்டைபறிச்சானில் அம்மா காசுக்குக் காத்திருக்கிறா. வங்கி வழி அடைபட்டதால் உண்டியல்காரரிடம் போகிறது பிள்ளை. அவர் இங்கே பவுணை வாங்குகிறார்; அங்கே அவருடைய ஆள் ரூபாயாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். எந்த ஏட்டிலும் பதிவில்லை. தடம் தெரியாத பணத்தைத் தடுக்கப் புறப்பட்ட நீங்கள், நேர்மையான கூலிக்காசையும் தடம் தெரியாத வழிக்கு அனுப்பிவைத்த சாதனையை வேறு யார் செய்ய முடியும்?

அடக்கமும் உங்களுக்கு உண்டு. 2015ஆம் ஆண்டின் கொடுப்பனவுக் கணக்கு ஒழுங்குவிதிகளின்படி, சட்டப்படி வதிகின்றவர்களுக்குக் கட்டணமில்லாத அடிப்படைக் கணக்கு கொடுக்கும் கடமை உங்கள் நாட்டின் பெரிய வங்கிகளுக்கு உண்டு. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். கேட்டு வந்தவருக்கே தெரியாதபடி அந்தக் கணக்கின் பெயரைச் சொல்லாமல் காக்கும் கருமபீடங்கள் உங்களிடம் உண்டு. கொடுப்பதையும் மறைக்கிற கொடையாளிகளை எங்கள் புலவர்கள்கூடப் பாடியதில்லை.

இந்தப் பெருமைகள் வேறு பல நாடுகளுக்குக் கிடைக்கவில்லை. கனடாவில் வேலை இல்லாவிட்டாலும், முதலில் போட ஒரு சதம் இல்லாவிட்டாலும், முன்பு வங்குரோத்து ஆகியிருந்தாலும், அடையாளத்தை நிறுவியவருக்குக் கணக்குத் திறக்கச் சட்டம் உரிமை தருகிறது. பிரான்சில் கணக்குக்கான உரிமை 1984ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஒரு வங்கி மறுத்தால் பிரான்ஸ் மத்திய வங்கி இன்னொரு வங்கியைக் காட்டி, கணக்குத் திறந்துகொடுக்கச் சொல்லும். ஜெர்மனியில் 2016இல் வந்த சட்டம் புகலிடம் கேட்டு நிற்பவருக்கும் நிலையான முகவரி இல்லாதவருக்கும் அடிப்படைக் கணக்கு உண்டு என்கிறது. மின்சாரப் பட்டியலுக்காகக் காத்திருக்கும் தவத்தை அந்த நாடுகள் புதிதாய் வந்தவருக்குத் தரத் தவறிவிட்டன. அங்கே போன எங்கள் பிள்ளைகள் சம்பளத்தைத் தங்கள் பெயரிலேயே வாங்கி, ஊருக்கு வங்கி வழியாகவே அனுப்பிப் பழகலாம்.

வங்கிகளே, உங்களைப் புகழ இன்னொரு வழியும் உண்டு. கடவுச்சீட்டு, விசா, கல்லூரியோ முதலாளியோ தந்த கடிதம், இவை போதும் என்று கருமபீடத்துக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். அடிப்படைக் கணக்கு என்ற சொல்லையும் அதன் கீழே பெரிய எழுத்தில் போடுங்கள். வீடு எடுத்தபின் முகவரியைத் தர மூன்று மாதத் தவணை கொடுங்கள். அதுவரை கணக்கில் போகும் தொகைக்கு ஓர் எல்லை வையுங்கள். கறுப்புப் பணக்காரருக்கு அந்த எல்லை உதவாது. பிள்ளையின் சம்பளத்துக்கு அது தாராளம். இதைச் செய்தால் வஞ்சமில்லாத வாழ்த்து ஒன்றை எழுதித் தரக் கட்டைபறிச்சானில் ஆள் இருக்கிறது.