வாடகைப் பனி

சியோலிலிருந்து விடிகாலைப் பேருந்தில் நண்பர்களோடு கிளம்பினால், காங்வொன் மலையடிவாரத்தில் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும்: பனிச்சறுக்குப் பலகை, பூட்ஸ், கோட்டு, ஹெல்மெட். வீரம் மட்டும் சொந்தச் செலவு. கொரியக் குளிர்காலத்தில் குளிர் தாராளம், வானம் கஞ்சம். ஆகவே இயந்திரங்கள் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியாக்குகின்றன. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கே பெரும்பாலும் செயற்கைப் பனியில்தான் நடந்தது. குழுவில் ஒருவர் சறுக்குவார், ஒருவர் விழுவார், மற்றவர்கள் படம் பிடிப்பார்கள். அனைவரும் சமமாவது, காரமான அரிசிக் கேக்கான தொக்பொக்கி விற்கும் கடையில். சறுக்குவதோ சில நிமிடம், லிஃப்டுக்குக் காத்திருப்பது அதைவிடப் பல மடங்கு. ஆகவே முதல்முறை போகிறவர்களே, சறுக்கக் கற்குமுன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள், முக்கியமாக, வரிசையில்.