லேக் கார்டன்ஸ் பசலைக்கொடியின் சைவாசைவ நிர்ணயம்

கல்கத்தாவின் தென்பால், ரவீந்திர சரோவர் எனப்படும் ஏரிக்கு அணித்தாயுள்ள லேக் கார்டன்ஸில் வாழும் தமிழர், தம் கொல்லையிலும் மொட்டைமாடியிலும் பயிரிடும் கீரைகளைக் குறித்து இதுகாறும் ஒரு சாஸ்திரம் எழாமை பண்டித உலகத்துக்குப் பெருங்குறையாதலால், அதனை நிவர்த்தி செய்யத் துணிந்தோம்.

கீரை நால்வகைப்படும். முளைக்கீரை, விதைத்தால் முளைக்கும். விவாதத்துக்கு இடமின்மையால் அது ஆராய்ச்சிக்கு உதவாது. முட்டைக்கோஸின் இனமேயாயினும் தலைகட்டாமல் இலையாகவே விரிவதும், காஷ்மீரத்தார் ஹாக் என்று போற்றுவதுமான கீரையை ஐப்பசியில் விதைத்து மாசிக்குள் பறித்துவிட வேண்டும். இவ்வூர்க் குளிர் கீரையைக் காட்டிலும் குரங்குக் குல்லாயையே செழிக்கச் செய்கிறது. மூன்றாவது, காளி பூஜைக்கு முதல்நாள் வங்காளிகள் உண்ணும் 14 கீரைகளின் தொகுதி. அதன் பட்டியல் 16-ஆம் நூற்றாண்டு ஸ்மிருதிக்காரரான ரகுநந்தனரின் பெயரால் வழங்குவது. அதில் நம் பொன்னாங்கண்ணியும் ஆரைக்கீரையும் இருப்பதைக் கண்டு தமிழன்பர் அடையும் பூரிப்புக்குத் தனி நூலே வேண்டும்.

எஞ்சியது பசலை. தமிழர் வீட்டுத் தொட்டியில் வேரூன்றி, மதிலேறி, வங்காளி வீட்டு மூங்கிற்பந்தலில் படரும் இக்கொடி, மதிலுக்கு இப்பால் பாசிப்பருப்புடன் கூட்டாகவும், அப்பால் பூசணித் துண்டுகளுடனும் இலிஷ் மீன்தலையுடனும் கூடி வெந்தும் முக்தியடைவதால், அது எவ்விடத்தில் சைவம் துறக்கிறது என்னும் வினா எழுகிறது. வேர் எவ்வீட்டதோ ஆசாரமும் அவ்வீட்டதே என்பர் வேர்ச் சித்தாந்திகள் (மாடிவீட்டு மாமி, குழாயடி வியாக்கியானம், சண்டைக்குப்பின் திருத்திய பதிப்பு). பறிக்கும் கையே பிரமாணம் என்பர் நுனிச் சித்தாந்திகள். இவ்விரண்டையும் கண்டித்து எழுந்த மதில்வாதமோ, மதிலின் உச்சியில் கிடக்கும் இலை ஏகாதசியன்று தமிழருக்கும் ஏனைய நாட்களில் வங்காளிக்கும் உரியது என்று சாதிக்கும். இதற்கு ஆதாரம், பால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே உரைத்தமையால் பாதி சிதைந்த மூலபாடமும், பாத்திரம் துலக்கும் அம்மாள் அதற்குக் கண்ட பாடபேதமும், அப்பேதத்தை எதிர்வீட்டுத் தாத்தா காதில் வாங்காமலே மறுத்தருளிய அரும்பதவுரையுமாம்.

எம்மை நகைப்போர், 1753-இல் லின்னேயஸ் வெண்பசலையையும் செம்பசலையையும் இரண்டு இனமாக வகுத்ததையும், பின்வந்தோர் அவற்றை ஒன்றென்று சேர்த்ததையும் நினைவிற் கொள்வாராக. பிரிப்போருக்கும் பட்டமுண்டு, சேர்ப்போருக்கும் பட்டமுண்டு. கொடிக்கு ஒரு பிடி எருவிட்டவர் எப்பக்கத்திலும் இலர்.

நமது தீர்ப்பு: மதில் தாண்டிய கொடியை மீட்க வழக்காடற்க. முற்றிய தண்டில் ஒரு முழம் வெட்டி, மழைக்காலத் தொடக்கத்தில் ஈரமண்ணில் ஊன்றினால், எவருடைய பிரமாணத்துக்கும் காத்திராமல் அது வேர்பிடித்துவிடும்.