கராஜுக்குள் மார்கழி

நவம்பர் பிறந்தால் ரொறன்ரோ பெரும்பாகத்துத் தமிழ் வீடுகளில் ஓர் ஊர்வலம் தொடங்கும். கோடை முழுவதும் கராஜே கதியென்று கிடந்த தச்சு வேலை ரசிகரும் சைக்கிள் திருத்துபவரும் பழைய கதிரைகளுக்கு மெருகிடுபவரும் ஒருவர்பின் ஒருவராக வீட்டுக்குள் வந்து சேருவார்கள். பட்டறையைக் குளிருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் கேள்விகளை அனுப்புவார்கள். இந்த முறை முழுப் பக்கமும் அவர்களுக்குத்தான்.

கேள்வி: இரண்டு கார் நிற்கும் கராஜ். 1500 வாற் மின் ஹீற்றர் வாங்கி வைத்தேன். விடியப் போட்டால் மத்தியானத்திலும் வாயால் புகை வருகிறது. ஹீற்றர் பழுதோ? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: பாவம் ஹீற்றர், அதன்மேல் பழி போடக்கூடாது. களவு போவது எதிரே நிற்கும் பெரிய கதவு வழியாக.

கணக்குப் போட்டால் விளங்கும். அந்தக் கதவு வழக்கமாக 16 அடி அகலம், 7 அடி உயரம்; ஆக 112 சதுர அடித் தகரம். காப்பு எதுவும் இல்லாத கதவின் வெப்பத் தடை R-1 அளவுதான். உள்ளே 20 பாகை வேண்டும், வெளியே மைனஸ் 10 என்றால், கதவு ஒன்றின் வழியாகவே இடைவிடாமல் 1700 வாற்றுக்கு மேல் வெளியேறும். 1500 வாற் ஹீற்றர் மூச்சுப்பிடித்து உழைத்தாலும் கதவின் பசிக்கே போதாது. சுவர், கூரை, சீமெந்துத் தரை எல்லாம் தங்கள் பங்குக்குக் காத்து நிற்கின்றன. அதே கதவை R-8 அளவுக்குக் காப்பிட்டால் இழப்பு ஏறக்குறைய 220 வாற்றுக்கு இறங்கிவிடும். அதனால் இன்னொரு ஹீற்றர் வாங்கும் யோசனையை ஒத்திவைத்து, காசை முதலில் கதவில் போடுவதே புத்தி.

வெப்பமானியையும் கொஞ்சம் கீழே இறக்கலாம். கையும் உடம்பும் அசையும் வேலைக்கு 12 பாகையும் ஒரு ஸ்வெற்றரும் தாராளம். வெளியே மைனஸ் 10 ஆக இருக்கும் நாளில் 20 பாகைக்குப் பதில் 12 பாகை போதுமென்றால் வெப்ப இழப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம்.

கேள்வி: கதவுக்குக் காப்பிட நாங்களே இறங்கலாமா? எங்கே தொடங்குவது? (மார்க்கம் வாசகி)

பதில்: தொடங்க வேண்டியது காற்று புகும் இடங்களில். நல்ல வெயில் நாளில் கதவை இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே சில நிமிடம் நின்றால், எங்கெங்கே ஒளிக்கோடு தெரிகிறதோ அங்கெல்லாம் குளிரும் புகுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கீழ் மூலைகள் இரண்டும் மாட்டிக்கொள்ளும். அங்கே அடிரப்பர் காய்ந்து சுருண்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தரையிலிருந்து எழும்பி நிற்கும். காற்றடிக்கும் நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி விளிம்பு நெடுகக் கொண்டுபோனால், புகை வளையும் இடம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். பத்தி கொளுத்துமுன் பெற்றோல் கலனையும் தின்னர் போத்தலையும் கராஜை விட்டே வெளியேற்றுவது கட்டாயம். அடிரப்பரும் பக்கப் பட்டிகளும் மலிவு, அரைநாள் வேலை. அதன் பலன் அன்றிரவே தெரியும்.

அடுத்தது பலகை. இரண்டு அங்குல வெள்ளை ரெஜிபோம் ஏறக்குறைய R-8 தரும். ஆனால் வெறும் நுரைப் பலகையைத் திறந்தபடி விடுவது ஆபத்து. தீப்பிடித்தால் மளமளவென்று எரிந்து கரும்புகை கக்கும். சுவரில் ஒட்டினால் அதன்மேல் ஜிப்சம் பலகை அடிக்க வேண்டும். கதவுக்கு, கராஜ் கதவுக்கென்றே விற்கும் மேற்பரப்பு மூடிய தொகுதியே நல்லது.

பலர் மறக்கும் விசயம் ஒன்று இருக்கிறது. கதவைத் தூக்குவது மோட்டர் அல்ல, மேலே முறுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங். கதவின் பாரத்துக்கு ஏற்றபடிதான் அது முறுக்கப்பட்டிருக்கும். பலகை ஏற்றினால் பாரம் கூடும், மோட்டர் திணறும். மோட்டரின் பிடியைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி விட்டுப் பார்க்கலாம். அந்த இடத்திலேயே நின்றால் சமநிலை சரி. சரிந்தால் ஸ்பிரிங்கைத் திருத்த வேண்டும், அதுவும் பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிட்டு. முறுக்கேறிய ஸ்பிரிங் கைநழுவினால் எலும்பை முறிக்கும். காசு மிச்சம்பிடிக்கும் இடம் அதுவல்ல.

கேள்வி: கட்டட வேலையில் பாவிக்கும் புரொபேன் ஹீற்றர் ஒன்றை அத்தான் இரவல் தருகிறார். அஞ்சு நிமிசத்தில் கராஜ் கொதிக்குமாம். வாங்கலாமோ? (பிரம்ரன் வாசகர்)

பதில்: அத்தானின் நல்ல மனதுக்கு நன்றி சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, ஹீற்றரை அவருடைய வானிலேயே ஏற்றி அனுப்பிவிட வேண்டும்.

புகைபோக்கி இல்லாத அடுப்பு எதுவானாலும் எரிவதன் கழிவு முழுவதும் உள்ளேதான் தங்கும். பிராணவாயு குறையக் குறைய அது காபன் மொனொக்சைட்டைக் கக்கும். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, வாந்தி, களைப்பு என்று வருவதைக் காய்ச்சல் என்று நினைத்துப் படுப்பவர்கள் எழும்பாமலே போகிறார்கள். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தின் தாய், தந்தை, பிள்ளைகள் இருவர் என நால்வரும் இப்படித்தான் உயிரிழந்தார்கள். அவர்கள் வீட்டில் கேஸ் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. அந்தக் குடும்பத்தின் உறவினரான ஜோன் ஜின்யாக், தீயணைப்புப் படையில் இருந்து ஓய்வுபெற்றவர், ஊர் ஊராகப் போய் இதைப் பேசினார். அதன் பலனாக 2013இல் ஒன்ராறியோவில் ஹோக்கின்ஸ்-ஜின்யாக் பெயரிலேயே சட்டம் வந்தது. எரிபொருள் கருவி உள்ள வீடு மட்டுமல்ல, கராஜ் ஒட்டிய வீடும் அந்தச் சட்டத்துக்குள் வரும். படுக்கையறைகளுக்கு அருகில் காபன் மொனொக்சைட் அலாம் இருந்தே ஆகவேண்டும். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்கள் இன்றே ஒருமுறை அந்த அலாமின் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சத்தமும் கேட்காவிட்டால், கராஜ் வேலையை விட்டுவிட்டு முதலில் புதியதை வாங்கி வருவது நல்லது.

உயிருக்கு அடுத்ததாக ஆயுதங்களைப் பார்ப்போம். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீராவி வரும். அது குளிர்ந்த இரும்பைத் தேடிப்போய்ப் படியும். அதன் விளைவை அடுத்த கேள்விக்காரர் சொல்கிறார்.

கேள்வி: சனிக்கிழமை மட்டும் கராஜைச் சூடாக்கி வேலை செய்வேன். வாள் மேசையின் வார்ப்பிரும்பு தட்டு முழுக்கக் கறள். எண்ணெய் பூசியும் சரிவரவில்லை. (ஏஜக்ஸ் வாசகர்)

பதில்: கிழமை முழுவதும் உறைந்து கிடந்த இரும்பு ஒரு மணி நேரத்தில் சூடேறாது, காற்று ஏறிவிடும். 20 பாகையில், 50 வீத ஈரப்பதத்தில் இருக்கும் காற்று 9 பாகைக்குக் குறைந்த எதைத் தொட்டாலும் வியர்க்கும். அதைக் கண்ணால் பார்க்கலாம்: சூடாக்கிய அரைமணியில் தட்டின்மேல் விரலால் கோடு இழுத்தால் பனிமூட்டத்தில் கோடு விழும். அதுதான் மறுநாள் செம்மஞ்சள் பொடியாகிறது.

காப்பிட்ட கராஜ் என்றால் கிழமை முழுவதும் 5 முதல் 8 பாகையில் வைத்திருந்து, வேலை நாளில் மெதுவாக ஏற்றுவது நல்லது. தட்டுக்கு எண்ணெயைவிடக் கட்டி மெழுகு மேல். பூசி, காயவிட்டு, துணியால் தேய்த்துவிட்டால் மரமும் வழுக்கிக்கொண்டு ஓடும். சிலிக்கோன் கலந்த கார் மெழுகை மட்டும் தொடக்கூடாது. அது மரத்தில் ஒட்டிவிட்டால் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

கேள்வி: ஒட்டின இடத்தில் பசை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகிவிட்டது, ஏன்? (ஸ்காபரோ வாசகர்)

பதில்: குளிர்தான். மஞ்சள் மரப்பசைகள் பல சுமார் 10 பாகைக்குக் கீழே சரியாக இறுகாது. காற்றுச் சூடாக இருந்தால் போதாது, மரமும் சூடாக இருக்க வேண்டும். ஒட்டப்போகும் பலகைகளை முதல்நாள் இரவே பேஸ்மென்ற்றுக்குள் கொண்டுபோய் வைக்கலாம். பசைப் போத்தலும் தண்ணீர் பெயின்ற்றும் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்தான்.

கேள்வி: துளைக்கும் மெஷினின் பற்றரி குளிரில் சார்ஜ் ஏறுதில்லை. (எட்மன்ரன் வாசகர்)

பதில்: ஏறாதது நல்லது. லிதியம் அயன் பற்றரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லிதியம் உலோகமாகப் படியும், ஆயுள் போகும், தீ ஆபத்தும் உண்டு. பல சார்ஜர்கள் அதற்காகவே மறுத்துவிடும். இரவில் பற்றரிகளை உள்ளே கொண்டுவந்து, சூடான பிறகு போட வேண்டும்.

கேள்வி: காப்பு வேலை முடிந்தது. இனி எந்த ஹீற்றர்? (மிசிசாகா வாசகி)

பதில்: சரியான வரிசையில் கேட்ட முதல் ஆள். பாராட்டுகள்.

1500 வாற் ஹீற்றர் 120 வோல்ற்றில் 12.5 அம்பியர் இழுக்கும். அதே 15 அம்பியர் சுற்றில் வட்ட வாளையும் போட்டால் பிரேக்கர் விழும். நீட்டு வயரில் ஹீற்றர் ஓட்டவே கூடாது. காப்பிட்ட இரண்டு கார் கராஜுக்கு 240 வோல்ற்றில் ஓடும் 5000 வாற் மின் ஹீற்றர் பலருக்குப் போதும். அது 21 அம்பியர் அளவு இழுப்பதால் 30 அம்பியர் பிரேக்கரும் தடித்த வயரும் தேவை. ஒன்ராறியோவில் இந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்து, மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் அறிவிக்க வேண்டும்.

நாளாந்தம் பட்டறையில் நிற்பவர்களுக்கு, வெளிக்காற்றை இழுத்து எரித்து வெளியிலேயே புகையை விடும் கேஸ் ஹீற்றர் நல்லது. மரத்தூளும் வார்னிஷ் ஆவியும் அதன் நெருப்பை நெருங்காது. பெற்றோல் ஆவி மைனஸ் 40 பாகையிலும் பற்றும், காற்றைவிடப் பாரமானது என்பதால் தரையோடு ஊர்ந்து வரும். நெருப்பு எழும் கருவிகள் தரையிலிருந்து 450 மில்லிமீற்றர் உயரத்திலாவது இருக்கவேண்டியது அதனால்தான். கேஸ் இணைப்பு வேலைக்கு, ஒன்ராறியோவின் தொழில்நுட்பத் தர, பாதுகாப்பு அதிகாரசபையான ரி.எஸ்.எஸ்.ஏ.வில் பதிவுள்ளவரை மட்டும் கூப்பிட வேண்டும். விறகு அடுப்பு ஆசை உள்ளவர்கள் அதை வாங்குமுன் காப்புறுதிக்காரரிடம் பேசட்டும். பலர் கராஜில் விறகு அடுப்பு என்றாலே மறுப்பார்கள்.

கேள்வி: கராஜைச் சூடாக்கினதும் மனைவி தன் காரை அங்கேயே விடுகிறா. காருக்கும் நல்லதுதானே என்கிறா. (விற்பி வாசகர்)

பதில்: சில்லுக்கு அடியில் ஒட்டிவரும் பனியில் வீதி உப்பு இருக்கிறது. உறைநிலையில் அது மெதுவாகத்தான் அரிக்கும். சூட்டில் உருகியதும் வேலையை வேகமாகத் தொடங்கும், அந்த ஈரம் அண்ணரின் உளிகளையும் விடாது. ஆகவே காரை வெளியே குளிரில் விடுவது காருக்கும் நல்லது, உளிக்கும் நல்லது என்று அக்காவிடம் சொல்லலாம். வெளியே நிற்கும் காரின் கண்ணாடிப் பனியைக் காலையில் சுரண்டும் வேலையை அண்ணர் ஏற்றுக்கொண்டால் வாதம் சுலபமாக வெல்லும்.

கேள்வி: எல்லாம் செய்தும் கால் விறைக்குது. (வின்னிபெக் வாசகர்)

பதில்: உறைந்த மண்ணின்மேல் கிடக்கும் சீமெந்துத் தரை காலணி வழியாகச் சூட்டை உறிஞ்சுகிறது. நிற்கும் இடத்தில் கெட்டி நுரைப் பலகை ஒன்றை வைத்து அதன்மேல் பிளைவூட் போட்டால் போதும். தடித்த ரப்பர் பாயும் உதவும். வாள் மேசைக்கு முன்னால் போடும் பலகையின் விளிம்பைச் சாய்வாகச் செதுக்கிவிட வேண்டும். வாள் சுழலும்போது கால் தடக்குவது விறைப்பதைவிட மோசம்.