28 சந்தேகப் பிராணிகள்

கூட்டுறவுப் பயிற்சி வகுப்புகளில் ஒரு புராணம் சொல்வார்கள். இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டம், ராச்டேல் என்ற ஊர். அங்கே 28 ஏழைத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் நெசவாளிகள். 1844 டிசம்பர் 21ஆம் தேதி ராத்திரி, ஒருவரையொருவர் முழுமனதாக நம்பி, அன்பாலும் ஒற்றுமையாலும் ஒரு மளிகைக் கடை திறந்தார்கள். அதிலிருந்து உலகமெங்கும் கூட்டுறவு இயக்கம் தழைத்தது. சுபம்.

புராணத்தில் ஒரே ஒரு பிழை. அவர்கள் ஒருவரையொருவர் நம்பவே இல்லை.

பிற்காலத்தில் அந்த முன்னோடிகளில் 13 பேர் சேர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று உண்டு. ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. பக்கத்தில் இருப்பவரின் கை எங்கே போகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போஸ் கொடுத்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். அந்த ஓரக்கண் பார்வைதான் அவர்கள் உலகத்துக்குக் கொடுத்த கொடை என்பது என் கட்சி.

அவர்களுக்கு அந்த புத்தி சும்மா வந்துவிடவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மளிகை வாங்குவது ஒரு வீர விளையாட்டு. ரொட்டி வெள்ளையாக இருக்க மாவில் படிகாரம் போடுவார்கள். எடை கூட சுண்ணாம்புக் கட்டியும் சேரும். காசு இல்லாதவனுக்குக் கடைக்காரர் கடன் கொடுப்பார். கடன் வாங்கியவன் படிகாரத்தைப் பற்றிப் பேச முடியுமா? பல ஊர்களில் ஆலை முதலாளியே கடையும் வைத்திருந்தார். சனிக்கிழமை வலது கையால் கொடுத்த கூலியை, அங்கேயே இடது கையால் திரும்ப வாங்கிக்கொள்வார்.

சரி, நாமே கடை வைப்போம் என்று ராச்டேல்காரர்கள் 1833இலேயே ஒரு முறை கிளம்பினார்கள். அதே டோட் லேன் தெருவில்தான் கடை. உறுப்பினர்கள் எல்லோரும் நம்மாட்கள், நல்லவர்கள். நல்லவர்கள் என்ன செய்வார்கள்? கடன் கேட்பார்கள். நல்லவர் கேட்டால் இன்னொரு நல்லவர் இல்லையென்பாரா? இரண்டு வருஷத்தில் கடைக்குப் பட்டை நாமம். அந்தக் கடையைப் பார்த்தவர்களில் சார்லஸ் ஹோவார்த் என்பவரும் ஒருவர். அவர்தான் 1844இல் மறுபடி உட்கார்ந்து சட்டதிட்டம் எழுதினார். நல்லவர்களிடம் சூடு பட்டவன் எழுதிய சட்டம் எப்படி இருக்கும்? அப்படியே இருந்தது.

முதலில் பணம் சேர வேண்டும். பங்கு ஒன்றுக்கு ஒரு பவுண்டு. வாரம் இரண்டு பென்னி, பிறகு மூன்று பென்னி. ஊரைப் பகுதி பிரித்து, ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய் வசூல். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி 28 பவுண்டு தேற்றினார்கள். சங்கத்தின் குறிக்கோள்களை மட்டும் தாராளமாக எழுதிக்கொண்டார்கள்: கடை, வீடுகள், ஆலை, விவசாய நிலம், கடைசியில் குடிமக்களைத் திருத்த மது இல்லாத ஒரு விடுதி. இந்த ஆசைகளைப் பற்றிப் பேச ஆரம்பத்தில் அவர்கள் கூடிய இடங்களில் ‘வீவர்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற மதுக்கடையும் உண்டு. லட்சியவாதிக்குத் தொண்டை வறளாது என்று யார் சொன்னது?

குறிக்கோளில் கனவு, விதிகளில் கறார். விதி இதுதான்: சங்க அதிகாரி எவரும், எந்தச் சாக்குச் சொல்லியும், ரொக்கம் இல்லாமல் ஒரு பொருளை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. மீறினால் பத்து ஷில்லிங் அபராதம். பதவியும் போகும். பத்து ஷில்லிங் என்பது அன்றைய ஏழை நெசவாளிக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரக் கூலி. கவனியுங்கள், அபராதம் கடன் கேட்ட உறுப்பினருக்கு இல்லை, தலைவருக்கும் பொருளாளருக்கும். ‘எந்தச் சாக்குச் சொல்லியும்’ என்ற வார்த்தைகளை எழுதியவர், சாக்குகள் எல்லாவற்றையும் முன்பே காதால் கேட்டவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொதுக்கூட்டம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். கையில் எவ்வளவு பணம், கடையில் எவ்வளவு சரக்கு, இரண்டையும் அதிகாரிகள் சொல்லியாக வேண்டும். ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஒரு ஓட்டு, ஐம்பது வைத்திருந்தாலும் ஒரு ஓட்டு. லாபம் பங்குக்கு ஏற்ப அல்ல, வாங்கிய சாமானுக்கு ஏற்ப. ஆக, வெண்ணெய் வாங்க வருகிற ஒவ்வொரு வீட்டுக்காரிக்கும் கணக்கில் ஒரு கண் இருக்கும். சம்பளம் இல்லாத தணிக்கையாளர் படை.

திறப்பு விழா அன்றைக்கு ஒரு பழைய கிடங்கின் தரைத்தளம், வருஷ வாடகை பத்து பவுண்டு. சரக்கு: வெண்ணெய் 28 ராத்தல், சர்க்கரை 56 ராத்தல், கொஞ்சம் கோதுமை மாவு, ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு, சில மெழுகுவத்தி. மொத்த மதிப்பு 16 பவுண்டு 11 ஷில்லிங் 11 பென்னி. அந்தக் கடைசி 11 பென்னியைத் தயவுசெய்து மறக்காதீர்கள். ஜன்னல் பலகையைக் கழற்ற ஆளாளுக்குத் தயங்கினார்களாம். வெளியே ஆலைப் பையன்கள் கூடி நின்று, கிழட்டு நெசவாளிகள் கடை திறந்துட்டாங்கடோய் என்று ஊளையிட்டார்கள். ஊரின் மற்ற மளிகைக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நாலு வருஷம் இப்படியே ஓடியது. 28 பேர் 140 பேரானார்கள். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஊரின் பெரிய மனிதர்கள் உதவிக்கு வந்தார்கள், தங்களை அறியாமல்.

ராச்டேலில் ஒரு சேமிப்பு வங்கி இருந்தது. கனவான்கள் அறங்காவலர்கள். கணக்குப் பொறுப்பு ஜார்ஜ் ஹாவர்த் என்ற தொழிலதிபரிடம். பக்திமான், ஊருக்கு நல்லவர். அவர் கணக்கைப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவு. யாரும் மரியாதை குறைக்கவில்லை. 1849 நவம்பரில் அவர் காலமானார். பெட்டியைத் திறந்தார்கள். ஏழைகள் போட்ட பணத்தில் 70,000 பவுண்டுக்கு மேல் காணோம்.

அறங்காவலர்களைப் பிடிக்கலாம் என்றால் சட்டம் குறுக்கே நின்றது. ‘நான் பொறுப்பு’ என்று கைப்பட எழுதிக் கொடுத்த அறங்காவலர் மட்டுமே பொறுப்பு. மற்றவர்கள் நற்பெயரை மட்டும் நல்கிய புண்ணியவான்கள். இப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் எந்த வருஷம் நிறைவேற்றியது தெரியுமா? 1844. அதே வருஷம். லண்டனில் கனவான்கள் பொறுப்பிலிருந்து தப்பிக்கச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தபோது, ராச்டேலில் நெசவாளிகள் தங்களுக்கே பத்து ஷில்லிங் அபராதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஊர் ஜனங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். கோட்டு போட்ட நல்லவர்களிடம் போட்ட காசு போயிற்று. சந்தேகப் பேர்வழிகளிடம் போட்டது அப்படியே இருக்கிறது, லாபத்தோடு. அந்த வருஷம் சங்கத்தில் உறுப்பினர் 390. அடுத்த வருஷம் 600. கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த மகான்கள் பட்டியலில் ஜார்ஜ் ஹாவர்த்துக்கு ஒரு சிலை வைக்காதது நன்றிகெட்டத்தனம்.

வெற்றி வந்தால் என்ன வரும்? வால் வரும். 1854இல் முன்னோடிகள் ஒரு பஞ்சாலை தொடங்கினார்கள். உழைப்பவனுக்கும் லாபத்தில் பங்கு என்பது கொள்கை. ஆலை நன்றாக ஓடவே, வெளியூர், உள்ளூர் ஆசாமிகள் பங்கு வாங்கிக் குவித்தார்கள். 1862இல் ஓட்டெடுப்பு: உழைப்பவனுக்கு எதற்குப் பங்கு? ஒழித்துவிட்டார்கள். முழு ஜனநாயக முறைப்படி. ஓட்டு என்பது கத்தி. பழமும் நறுக்கும், விரலும் நறுக்கும்.

இயக்கம் மட்டும் நிற்கவில்லை. 1863இல் மொத்த விற்பனைச் சங்கம், 1872இல் அதற்கொரு கடன்–வைப்புப் பிரிவு, அதிலிருந்து வங்கி. ராச்டேல் புராணம் நம்மூருக்கும் கப்பலேறியது. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அதுதான் முன்மாதிரி. வெண்ணெய் போய் அரிசி, பருப்பு வந்தது. பென்னி போய் அணா வந்தது.

இனி ஒரே தாவலில் 2009க்கு வருவோம். மான்செஸ்டரில் அந்த வழியில் வந்த கோ–ஆபரேட்டிவ் வங்கி, அறநெறி வங்கி என்று பெயரெடுத்த வங்கி, ‘பிரிட்டானியா’ என்ற வீட்டுக்கடன் சங்கத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. பிரிட்டானியாவின் பெட்டிக்குள் வாராக்கடன்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. அடுத்த வருஷம் வங்கிக்குப் புதிய தலைவர்: ரெவரெண்ட் பால் ஃப்ளவர்ஸ். மெதடிஸ்ட் பாதிரியார், தொழிற்கட்சி கவுன்சிலர். வங்கி அனுபவம்? இளம் வயதில் ஒரு வங்கியில் சில வருஷம் வேலை பார்த்திருக்கிறார். பிறகெப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நாடாளுமன்றக் குழு பின்னால் கேட்டபோது வந்த பதில்களில் ஒன்று, உளவியல் தேர்வில் அவர் நன்றாகச் செய்தார் என்பது.

வங்கிக்குப் பசி அடங்கவில்லை. லாயிட்ஸ் வங்கியின் 632 கிளைகளை வாங்கப் பேரம் நடந்தது. பேரம் 2013இல் முறிந்தது. கொஞ்ச நாளில் வங்கியின் மூலதனத்தில் 150 கோடி பவுண்டு ஓட்டை என்று தெரிந்தது. அந்த நவம்பரில் நாடாளுமன்றக் குழு ஃப்ளவர்ஸைக் கூப்பிட்டு உட்கார வைத்தது. குழுத் தலைவர் ஆண்ட்ரூ டைரி கேட்ட கேள்வி பரீட்சையின் முதல் கேள்வி மாதிரி, யாரும் கோட்டை விடாத கேள்வி. உங்கள் வங்கியின் மொத்தச் சொத்து எவ்வளவு?

300 கோடிக்குக் கொஞ்சம் மேலே என்றார் முன்னாள் தலைவர். சரியான விடை, 4,700 கோடி பவுண்டு.

அதற்கடுத்த வாரங்களில் அவர் போதைப்பொருள் வாங்கிய விவகாரம் வெடித்தது. 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 400 பவுண்டு அபராதம் கட்டினார். பத்திரிகைகளுக்குத் தீபாவளி. எனக்கு அந்தச் செய்தியில் சுவாரசியம் இல்லை. போதை ஏறிய மனிதர் தடுமாறுவது இயற்கை. நாடாளுமன்றத்தில் தெளிவாக உட்கார்ந்துகொண்டு 4,400 கோடியைத் தவறவிட்டதுதான் சாதனை. அவரது முப்பாட்டன் சங்கத்துக்குக் கடைசி 11 பென்னி வரை கணக்குத் தெரிந்திருந்தது.

வங்கியின் தாய்ச் சங்கம் 2013ஆம் வருஷத்துக்குக் காட்டிய நஷ்டம் 250 கோடி பவுண்டு. வங்கியின் 70 சதவீதம் கடன் பத்திரக்காரர்களிடம் போனது. அவர்களில் ஹெட்ஜ் ஃபண்டுகளும் உண்டு. அறநெறி வங்கி, ஹெட்ஜ் ஃபண்டு மடியில். பிள்ளையார் பிடிக்கப் போன கதை. சங்கத்தைக் காப்பாற்ற வந்த தலைமை அதிகாரி யுவான் சதர்லேண்டின் சம்பளத் திட்டம் 2014 மார்ச்சில் வெளியே கசிந்தது. ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல். உறுப்பினர்கள் கொதித்தார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டு, இந்த நிறுவனத்தை யாராலும் ஆள முடியாது என்றார். நெசவாளிகள் மேலிருந்து கேட்டிருந்தால் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு நல்ல செய்தி என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பிறகு விசாரணை அறிக்கைகள் வந்தன. தாய்ச் சங்கத்தின் இயக்குநர் குழுவில் ஒரு சுவர்ப் பூச்சுக்காரர் இருந்தார், ஒரு செவிலியர் இருந்தார் என்று லண்டன் பத்திரிகைகள் கேலி செய்தன. இவர்களுக்கு வங்கி தெரியுமா என்று. எனக்கு இந்தக் கேலியில் உடன்பாடில்லை. 1844இல் மட்டும் யார் பொருளாதாரப் பேராசிரியர்? அவர்களும் தறி ஓட்டியவர்கள்தான். ஆனால் தறிக்காரர்கள் தங்களுக்குப் புரியாத கணக்கில் கையெழுத்துப் போடவில்லை. அடுத்தவனைப் போடவும் விடவில்லை. பின்னால் வந்தவர்களோ புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டார்கள். எதிரே இருப்பவர் பாதிரியார், அறநெறியாளர், நம்மவர். அவரிடம் போய்க் கணக்கு கேட்பதா? 1849இல் ராச்டேல் கனவான்கள் காட்டிய அதே மரியாதை.

அந்த வங்கியை 2025 ஜனவரியில் கோவென்ட்ரி பில்டிங் சொசைட்டி 78 கோடி பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. அதுவும் உறுப்பினர்களுக்குச் சொந்தமான சங்கம். ஆக வங்கி மறுபடி உறுப்பினர் வீட்டுக்கே வந்துவிட்டது. கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வருவார்களா என்பதுதான் பாக்கி.

நமக்கு இது அந்நிய நாட்டுக் கதை என்று தோன்றலாம். நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராகத்தான் இருப்பீர்கள்: பால், வீட்டுவசதி, சிக்கன நாணயம், குறைந்தபட்சம் அபார்ட்மெண்ட் சங்கம். பேரவைக் கூட்ட அழைப்பு வரும். போண்டா, காபி வரும். வரவு–செலவு அறிக்கையை ஒருவர் மூச்சு விடாமல் வாசிப்பார். ‘ஏகமனதாக ஏற்கப்பட்டது’ என்று மினிட் புத்தகத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கும்.

போண்டாவைச் சாப்பிடுங்கள், உங்கள் காசுதான். சாப்பிட்டுவிட்டு எழுந்து, கையிருப்பு எவ்வளவு, கடன் பாக்கி யார் யாரிடம் என்று கேளுங்கள். தலைவர் ரொம்ப நல்லவராயிற்றே என்று கூசாதீர்கள். நிஜமாகவே நல்லவர் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார், கணக்குப் புத்தகத்தை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார். கோபித்துக்கொண்டால், தணிக்கையை எங்கிருந்து தொடங்குவது என்று அவரே காட்டிக்கொடுத்துவிட்டார்.