நாலு கிலோ பாக்கி

பேனர் பத்துக்கு எட்டா, பன்னெண்டுக்கு எட்டான்னு என்கிட்ட வந்து கேக்குற பாரு, அங்கதான்டா பேராண்டி நீ படிச்ச புள்ளைன்னு தெரியுது. நெல் ஜெயராமன் நினைவு நாளு வருது, பேனர் இல்லாம முடியுமா? வை. நல்லாப் பெருசாவே வை. உங்க சங்கத்துப் பயலுவ மொகமெல்லாம் வரிசையா வந்தது போக மிச்சம் எடம் இருந்தா அந்த மனுஷனையும் ஒரு ஓரமாப் போட்டுவிடு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவரைத் தெரியாதவன் யாரு? சின்னதாப் போட்டாலும் தேடிக் கண்டுபிடிச்சுக்குவாங்க.

மாலை போடு. மைக்குல பேசு. ரெண்டு நிமிஷம் மௌனமா நில்லு. உனக்குக் கஷ்டம்தான், இருந்தாலும் நில்லு. விதைநெல்லை மட்டும் கையால வாங்கிடாதடா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.

வாங்கினா மாட்டிக்குவே. ஜெயராமன் 2006-லேருந்து ஆதிரெங்கத்துல வருசா வருசம் நெல் திருவிழா நடத்தினாரு. வர்ற விவசாயிக்கு ஒரு ரகத்துல 2 கிலோ விதைநெல்லு. காசு கெடையாது. ஆஹா, ஓசின்னு மடியில கட்டிக்கிட்டு வந்துட்டீன்னா, அடுத்த வருசம் 4 கிலோவாத் திருப்பித் தரணும். நூத்துக்கு நூறு வட்டி! கந்துவட்டிக்காரன்கூட இருட்டுல கூப்பிட்டுக் காதோட சொல்ற வட்டியை இவரு பந்தல் போட்டு மைக்குல சொல்லிக் குடுத்தாரு. வாங்கினவனும் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான்.

2 கிலோவுல என்ன வரும்னு நெனைக்காத. சிக்கனமா ஒத்தை நாத்தா நட்டீன்னா ரெண்டு மா நெலத்துக்குக் காணும். வெளைச்சல் சுமாருன்னாலும் எட்டு மூட்டை வரும். எட்டு மூட்டை கண்டவன் 4 கிலோவைத் திருப்ப யோசிக்கிறான் பாரு, அங்கதான் மனுஷன் நிக்கிறான். அந்த 4 கிலோவும் அவரு வூட்டுக் குதிருக்கா போச்சு? அடுத்த ரெண்டு பேருக்குப் போச்சு. அவங்ககிட்டேருந்து 8. இப்படிச் சீமையையே கடன்காரனாக்கிட்டுப் போன ஆளுக்குத்தான் நீ மாலை போடப்போற. கூட்டத்துல கடைசி வரிசையில நின்னு ரொம்ப அழுவுறவனைக் கொஞ்சம் கவனி. 4 கிலோ பாக்கிக்காரனா இருப்பான்.

கட்டிமேட்டுல பொறந்தவரு. 2003-ல இயற்கை விவசாயம் பேசின நம்மாழ்வார் ஐயாவோட பூம்புகார்லேருந்து கல்லணை வரைக்கும் நடந்தாரு. நீயா இருந்தா ரெண்டு பர்லாங் நடந்து, எத்தனை எட்டு வச்சேன்னு கையில கட்டியிருக்கிற கடிகாரத்தைப் பாத்திருப்பே. அவங்க பாத்தது வழியில எவன் வூட்டுப் பரண்ல என்ன பழைய நெல்லு கெடக்குன்னு. கைக்கு வந்தது கொஞ்சம்தான். அதைப் புடிச்சுக்கிட்டு ஊரு ஊராப் போயி, கடைசியில 170 ரகத்துக்குக் கொண்டுவந்தாரு. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, தூயமல்லி, இலுப்பைப்பூச் சம்பா, குழியடிச்சான்... மிச்சத்தை மேடையில நீ படி. எழுதி வச்சுப் படி, இல்லேன்னா நடுவுல பாஸ்மதின்னு உளறிடுவே.

170 ரகம் சேத்தாருன்னு லேசாச் சொல்லிட்டுப் போயிடுறீங்க. சேக்கறது பெருசில்லடா, சாவாம வச்சிருக்கறதுதான் பெருசு. நீ பண்ற மாதிரி கண்ணாடிக் குப்பியில போட்டு, பேரு ஒட்டி, அலமாரியில வச்சுப் படம் புடிச்சா ரெண்டு மூணு வருசத்துல மொளைப்புத்தெறன் போயிடும். அப்பறம் அது விதையில்ல, பொம்மை. வருசா வருசம் மண்ணுல எறக்கணும். இத்தனை ரகத்துக்கும் தனித்தனிப் பாத்தி, தனித்தனி நாத்து, தனித்தனி அறுப்பு. ஒண்ணு 70 சொச்சம் நாள்ல பழுத்துப்போயி நிக்கும், பக்கத்துப் பாத்தி 180 நாள் காத்திருக்கும். நெல்லு தன் பூவுலயே தானே சூல் புடிக்கிற சாதி, அதனால வயல்ல அவ்வளவாக் கலக்காது. கெடுக்கறதெல்லாம் களமும் சாக்கும்தான். ஒரு சாக்கை ஒதறாம அடுத்த நெல்லைக் கொட்டினீன்னா தூயமல்லிக்குள்ள கருங்குறுவை பூந்துடும். கதிர் தலை சாயறப்ப வயல்ல எறங்கி, ஒசரத்துல மாறினது, நெறத்துல மாறினது, மூக்கு நீண்டதுன்னு பாத்துப் பாத்துக் கலப்புக் கதிரை உருவணும். உங்க அப்பாயி இதுல கெட்டி. உன் மொகத்தைப் பாத்தே நீ பரீட்சையில கோட்டை விட்டதைக் கண்டுபிடிச்சவளாச்சே, களைக்கதிரா தப்பும்?

ஆனா மேடையில அளந்து பேசு. பழைய நெல்லெல்லாம் அமிர்தம், தின்னா சர்க்கரை ஓடிடும், புத்துநோய் தெறிச்சுடும்னு ஆரம்பிச்சுடாத. அந்த மனுஷனே 2018 டிசம்பர் 6-ஆம் தேதி, 50 வயசுல, புத்துநோய்லதான் போனாரு. மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி குடிச்சவன் இளவட்டக்கல்லைத் தூக்கினான்னு ஊர்ல ஒரு கதை உண்டு. நல்ல கதை. அவன் காலையிலேருந்து ஏத்தம் எறச்சுட்டு வந்து அந்தக் கஞ்சியைக் குடிச்சான். நீ காத்தாடிக்குக் கீழ உக்காந்து குடிச்சா கேஸ் சிலிண்டரைக்கூட நகத்த மாட்டே.

இன்னொண்ணும் சொல்லணும், யாரும் சொல்ல மாட்டானுவ. காட்டுயானம் ஏழடி வளரும். யானை உள்ள பூந்தா வெளிய தெரியாதுன்னுதான் அந்தப் பேரு. அழகுதான், ஆனா யூரியாவைக் கண்ணுல காட்டினா படுத்துக்கும். 1966-ல வெளியான ஐ.ஆர். 8 நெல்லைக் குட்டையாக் கொண்டுவந்ததே அதுக்குத்தான். உரத்தைத் தின்னுட்டு நிமிந்து நிக்கும். நெட்டை நெல்லு சாஞ்சா மிஷினுக்காரன் வரப்புல நின்னு பாத்துட்டு வாடகையைக் கூட்டுவான். கொள்முதல் நெலையத்துல போட்டீன்னா சன்னமா மோட்டாவான்னுதான் பாப்பானே தவிர, யாரு காப்பாத்தின நெல்லுன்னு பாக்க மாட்டான். அப்பறம் ஏன் நடுறாங்கன்னு கேளு. ஆத்துல வெள்ளம் வந்து குட்டையன் முழுகிக் கெடக்கையில, நெட்டையன் தலையைத் தூக்கிக்கிட்டு நிப்பான். வேதாரண்யம் பக்கம் உப்பு ஏறின மண்ணுல குழியடிச்சான் வருது, வேற என்ன வருது? அதுக்காகத்தான் அவரு அலைஞ்சாரு. தின்னப்போற நீ பட்டணத்துல பட்டை தீட்டின வெள்ளை அரிசியைத் தின்னுக்கிட்டு, பாரம்பரியத்தைக் காக்கிற வேலையை எங்க தலையில கட்டுற. நல்ல ஏற்பாடுடா.

அவரு போனது எப்படிப்பட்ட நேரம்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நவம்பர் 16 விடியக்காலம் வேதாரண்யத்துல கஜா புயல் கரை ஏறுச்சு. இருபது நாள் கழிச்சு அவரு. ஊர்ல தென்னையெல்லாம் வேரோட மல்லாந்து கெடக்கு, கரண்டு இல்ல. எழவுக்கு அழறதா, கூரைக்கு அழறதான்னு தெரியாத நேரத்துல ஆதிரெங்கத்துல கூட்டம் கூடுச்சு. அதை நீ மேடையில சொல்ல வேண்டாம், உனக்கு வராது.

அப்பறம் அரசாங்கமும் மறக்கல. 2021-ல வேளாண்மைக்குத் தனியாப் போட்ட மொத பட்ஜெட்டுல, அவரு பேருலயே பாரம்பரிய நெல்லைக் காக்க ஒரு இயக்கம் அறிவிச்சாங்க. சந்தோஷம். ஆனா பாத்தியா, எந்த இயக்கம் வந்தாலும் நாத்து பறிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும்.

சரி, லீவு எப்ப போடுவே? டிசம்பரா? டிசம்பர்ல கார்த்திகை, நட்டதெல்லாம் பச்சையா நிக்கும், நீ வந்து வரப்புல நின்னு படம்தான் புடிக்கலாம். வரணும்னா ஆடியில வா. ஆடியில நாத்து விட்டாத்தான் காட்டுயானத்தைத் தையில அறுக்கலாம். ஆத்தோரம் பள்ளக்கட்டுல ரெண்டு மா ஒதுக்கித் தர்றேன். தண்ணி நிக்கும், அதனால வேற எதுவும் அங்க வராது. உனக்குத் தர்றதுக்குச் சரியான எடம். குத்தகை வேண்டாம், பேரன்கிட்ட வாங்குவேனா? அறுத்ததும் விதைக்கடனுக்கு ஆதிரெங்கத்துக்கு 4 கிலோ அளந்துடு. மிச்சத்துல பாதி எனக்கு.

ஏன்டா முழிக்கிற? எல்லாத்தையும் ஊருக்குக் குடுக்க நான் என்ன நெல் ஜெயராமனா?